திரையிலே வென்ற வழக்கு

வழக்குமன்றத்திலே புழுக்கம். விசிறிகள் அசைந்தவண்ணம் உள்ளன. வேதநூலைத் தலைகீழாக ஒப்புவிக்க வல்லவர் என்று நாடெங்கும் பெயர் பெற்ற பெருந்தலைவர் சாட்சிக் கூண்டிலே அமர்ந்திருக்கிறார். எதிரிலே முதிய வழக்கறிஞர் ஒருவர். மேற்சட்டையைக் கழற்றிவிட்டு, தோள்வார்களிலே கட்டைவிரலை மாட்டியபடி நிற்கிறார். கேட்கிறார், மெல்லக் கேட்கிறார். மீன் வயிற்றிலே மனிதன் உயிரோடு இருந்தானா? கதிரவன் வானிலே நின்றதா? ஆதாமின் மகன் மணந்துகொண்ட பெண் எங்கிருந்து வந்தாள்? உலகம் படைக்கப்பட்ட முதல் நாள் எத்தனை மணி நேரம்? கேள்விக்குக் கேள்வி தலைவரின் குரல் கம்முகிறது. நேற்றுவரை அவரை வாழ்த்தி முழங்கிய கூட்டம், இன்று அவரைக் கண்டு நகைக்கிறது.

அண்மையில் ஓர் இரவு, படிப்பகத்துச் சுவரிலே வெள்ளைத் துணியைக் கட்டி, இக்காட்சியை நாம் கண்டோம். அமெரிக்க இயக்குநர் ஸ்டான்லி கிராமர் 1960ஆம் ஆண்டு வெளியிட்ட 'இன்ஹெரிட் தி விண்ட்' என்னும் படம் அது. காற்றை உரிமையாகப் பெறுதல் என்பது அத்தலைப்பின் பொருள். விவிலியத்தின் நீதிமொழிகள் பகுதியிலிருந்தே அத்தொடரை எடுத்திருக்கிறார்கள். ஜெரோம் லாரன்ஸ், ராபர்ட் ஈ. லீ எனும் இருவர் எழுதிய நாடகம் 1955இல் மேடையேறிற்று. ஐந்தாண்டு கழித்து அது படமாயிற்று.

படம் முடிந்தது. கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. வழக்கம்போல் வட்டமாக அமர்ந்து கருத்துகளைப் பரிமாறிக்கொண்டோம். வழக்கறிஞராக வரும் ஸ்பென்சர் டிரேசியைப் புகழ்ந்தார் ஒருவர். தலைவராக வரும் பிரெடரிக் மார்ச்சுக்கே முதலிடம் என்றார் மற்றொருவர். இந்த நடிப்புக்காகத்தான் பெர்லின் படவிழாவிலே மார்ச் சிறந்த நடிகர் விருது பெற்றார். நாடக நூலைப் படித்திருந்த நண்பர், நூலின் விறுவிறுப்பு படத்திலே சிறிதும் குன்றவில்லை என்றார். அப்போது, கூட்டத்திலேயே இளையவர், இவ்வாண்டுதான் கல்லூரியிலே காலடி வைத்தவர், ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, இது இப்படியேதான் நடந்ததா?"

"ஆம்" என்றோம். தயங்காமல் சொன்னோம். வீடு திரும்பிய பின் அந்த 'ஆம்' நம்மை உறங்கவிடவில்லை. நூல்களைப் புரட்டினோம். ஏதும் ஆராயாமல் 'ஆம்' என்றது நம் பிழை என்று கண்டோம். கேள்வி கேட்கும் துணிவை வாழ்த்தும் படத்தைப் பார்த்துவிட்டு, கேள்வி கேட்ட இளைஞருக்கு ஆராயாத பதிலைத் தந்திருக்கிறோம்! அந்தப் பிழையைத் திருத்திக்கொள்ளவே இக்கட்டுரை.

முதலிலே திரைக்கதையைச் சுருங்கக் காண்போம். ஹில்ஸ்பரோ என்றோர் ஊர். பெர்ட்ரம் கேட்ஸ் என்ற பள்ளி ஆசிரியர், மனிதன் தாழ்ந்த உயிர்களிலிருந்து வளர்ந்து வந்தவன் என்னும் டார்வினின் கொள்கையை வகுப்பிலே சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் உள்ளே நுழைகிறார்கள். பாடம் நடக்கும்போதே அவரைச் சிறைப்பிடிக்கிறார்கள். அவர் காதலித்த பெண்ணோ ஊர்ப் போதகரின் மகள். அந்தப் போதகர் பெற்ற மகளையே சபிக்கிறார். மக்கள் தீப்பந்தம் ஏந்திச் சிறைச்சாலை நோக்கி ஆர்ப்பரித்து வருகிறார்கள். மேத்யூ ஹாரிசன் பிரேடி என்ற தலைவர் வழக்குத் தொடுத்தோர் பக்கம். ஹென்றி டிரம்மண்ட் என்ற வழக்கறிஞர் ஆசிரியர் பக்கம். தீர்ப்பு ஆசிரியருக்கு எதிராக வந்தாலும், 100 டாலர் தண்டமே விதிக்கப்படுகிறது. தண்டம் போதாதென்று குமுறும் பிரேடி, கேட்பாரற்ற சொற்பொழிவின் நடுவிலே மன்றத்திலேயே சாய்ந்து மடிகிறார். இறுதியில் டிரம்மண்ட், ஒரு கையில் விவிலியம், மறு கையில் டார்வினின் நூல் என எடுத்து எடைபோடுவதுபோல் பார்க்கிறார். இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நடக்கிறார்.

இனி, நடந்ததைக் காண்போம்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலே, ஜான் வாஷிங்டன் பட்லர் என்ற உழவர் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். அவர் கொண்டுவந்த சட்டத்திலே 1925 மார்ச்சில் ஆளுநர் கையொப்பமிட்டார். மனிதனைக் கடவுள் படைத்தார் என்று விவிலியம் சொல்வதை மறுத்து, தாழ்ந்த விலங்குகளிலிருந்து அவன் தோன்றினான் என்று, அரசுப் பணத்தில் நடக்கும் கல்விக்கூடம் எதிலும் கற்பிக்கலாகாது என்றது அச்சட்டம். மீறினால் 100 முதல் 500 டாலர் வரை தண்டம். சிறை பற்றிய பேச்சே அதில் இல்லை.

குடியுரிமைகளைக் காக்க 1920இல் நிறுவப்பட்ட அமெரிக்கக் குடிசார் உரிமைகள் ஒன்றியம், இச்சட்டத்தை எதிர்த்து வழக்காட முன்வரும் ஆசிரியருக்குத் துணை நிற்போம் என்று நாளேட்டிலே அறிவித்தது. டேடன் என்ற சிற்றூரிலே அதைப் படித்தார் ஜார்ஜ் ராப்பல்யே என்ற சுரங்க மேலாளர். மக்கள்தொகை 2,000ஐயும் எட்டாத ஊர். தொழில் நலிந்து கிடந்த ஊர். வழக்கு இங்கே நடந்தால் ஊரின் பெயர் நாடெங்கும் பரவுமே என்று பெரியவர்கள் எண்ணினார்கள். பள்ளிக் குழுத் தலைவர் ராபின்சனின் மருந்துக் கடையிலே கூடிப் பேசினார்கள். டென்னிசு ஆடிக்கொண்டிருந்த ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியரை அழைத்து வரச் சொன்னார்கள். அவர் பொது அறிவியல் ஆசிரியர், கால்பந்துப் பயிற்சியாளர். உயிரியல் ஆசிரியர் விடுப்பிலே சென்றபோது சில நாள் அப்பாடத்தைப் பார்த்துக்கொண்டவர். பரிணாமப் பாடத்தை நடத்தினோமா என்பதே அவருக்கு உறுதியாக நினைவில்லை! ஆயினும் சட்டம் தவறென்று கருதினார், வழக்குக்கு இசைந்தார். பிறகு திரும்பிச் சென்று டென்னிசு ஆடினார்.

அந்த மருந்துக் கடையிலேயே பள்ளிப் பாடநூல்களும் விற்பனைக்கு இருந்தன. ஜார்ஜ் வில்லியம் ஹண்டர் எழுதிய 'எ சிவிக் பயாலஜி' என்ற நூலை எடுத்துப் பார்த்தார்கள். பரிணாமக் கொள்கை அதிலே இருந்தது. அதுவோ டென்னசி அரசே ஏற்றிருந்த பாடநூல். ஒரு கையால் பாடநூலை வழங்கி, மறு கையால் அந்தப் பாடத்தைக் குற்றமாக்கியிருந்தது அரசு.

ஆகவே, திரையிலே காணும் கைது டேடனில் நடக்கவில்லை. ஸ்கோப்ஸ் சிறையிலே அடைபடவில்லை. தீப்பந்தம் ஏந்தி யாரும் வரவில்லை. போதகரின் மகளும் அவளைச் சபித்த தந்தையும் நாடகாசிரியர்களின் படைப்பு. டேடன் மக்கள் வெளியூரிலிருந்து வந்த இரு தரப்பாரையும் பண்போடு நடத்தினார்கள்.

வழக்கு 1925 சூலை 10ஆம் நாள் தொடங்கிற்று. நூற்றுக்கு மேற்பட்ட செய்தியாளர்கள் வந்து குவிந்தார்கள். சிகாகோ வானொலி நிலையம் ஒன்று மன்ற நடவடிக்கைகளை நேரடியாக ஒலிபரப்பிற்று. அரசுத் தரப்பிலே வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். அவரே திரையின் பிரேடி. ஸ்கோப்ஸ் தரப்பிலே கிளாரன்ஸ் டாரோ, அவரே டிரம்மண்ட். ஆனால் திரையிலே டிரம்மண்ட் தனித்து நிற்கிறார். மன்றத்திலே டாரோ தனித்து நிற்கவில்லை. டட்லி பீல்டு மலோன், ஆர்தர் கார்பீல்டு ஹேஸ் முதலியோர் உடன் நின்றார்கள். சூலை 16ஆம் நாள், அறிவியலாளரின் சாட்சியத்தை மன்றம் கேட்கவேண்டும் என்று மலோன் ஆற்றிய உரைக்கு, பிரையனின் உரைக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல் கிடைத்தது. கைதட்டியவர்கள் யார்? திரையிலே மூடர் கூட்டமாகக் காட்டப்படும் அதே ஊர் மக்கள்!

திரை மலோனை மறந்துவிட்டது, ஹேஸை மறந்துவிட்டது, வழக்குக்கு வித்திட்ட ஒன்றியத்தையும் மறந்துவிட்டது. பலர் சேர்ந்து இழுத்த தேரை ஒரே வீரன் இழுத்ததாகக் காட்டுவது கதைக்கு எளிது. இயக்கத்திலே பணியாற்றுவோர் இதை மனத்திலே குறித்துக்கொள்ள வேண்டும். நாற்காலி தூக்கியவனும் துண்டறிக்கை வழங்கியவனும் இல்லாமல் எந்த மேடையிலும் எந்தப் பேச்சும் ஒலித்ததில்லை.

நாம் கைதட்டிய அந்தக் குறுக்கு விசாரணை நடந்ததா? நடந்தது. சூலை 20ஆம் நாள், வெப்பம் தாளாமலும், கூட்டத்தின் சுமையால் மாடித்தளம் இடிந்துவிடுமோ என்ற அச்சத்தாலும், மன்றம் வெளியே புல்தரைக்கு மாற்றப்பட்டது. அறிவியலாளரின் சாட்சியத்தை நடுவர் முன்பே விலக்கியிருந்தார். ஆகவே, விவிலியம் அறிந்த வல்லுநர் என்று சொல்லி, பிரையனையே சாட்சியாக அழைத்தார் டாரோ. மீனைப் பற்றியும் கதிரவனைப் பற்றியும் கேள்விகள் எழுந்தன. படைப்பின் நாள் 24 மணி நேரம் கொண்டதாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை என்று பிரையன் ஒப்பினார். எழுத்துக்கு எழுத்து உண்மை என்ற கோட்டையிலே விரிசல் விழுந்த நேரம் அது. இதுமட்டும் வரலாறு, திரையும் இதைப் பெருமளவு நேர்மையாகவே தந்திருக்கிறது.

ஆனால் அதன் பின் நடந்ததைத் திரை சொல்லவில்லை. மறுநாளே அந்தச் சாட்சியம் முழுவதையும் நடுவர் பதிவிலிருந்து நீக்கிவிட்டார். மேல்முறையீடு செய்வதற்கு வழி வேண்டுமென்பதால், தம் கட்சிக்காரரைக் குற்றவாளி என்றே தீர்ப்பளிக்குமாறு டாரோவே கேட்டுக்கொண்டார். ஒன்பது நிமிடங்களில் முடிவு வந்தது: குற்றவாளி. 100 டாலர் தண்டம். தண்டம் குறைவென்று பிரையன் குமுறினாரா? இல்லை. சட்டத்திலே தண்டனையே கூடாதென்று முன்பே கூறியவர் அவர். ஸ்கோப்சின் தண்டத்தைத் தாமே கட்ட முன்வந்தவரும் அவர். அவர் இறந்தது மன்றத்திலே அன்று. ஐந்து நாள் கழித்து, சூலை 26ஆம் நாள், டேடனிலேயே, பகல் உறக்கத்திலே உயிர் பிரிந்தது.

பிரையன் யார் என்பதையும் சற்றுப் பார்க்கவேண்டும். திரையின் பிரேடி, டார்வினின் நூலைப் படித்ததில்லை என்றும், படிக்கப்போவதில்லை என்றும் மார்தட்டுகிறார். மெய்யான பிரையன் டார்வினைப் படித்தவர்; மன்றத்திலேயே டார்வினின் நூலை எடுத்துக்காட்டிப் பேசியவர். மூன்று முறை, 1896, 1900, 1908ஆம் ஆண்டுகளிலே, சனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்றவர். உழவருக்காகவும் ஏழையருக்காகவும் குரல் கொடுத்தவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்றவர். வெளியுறவுச் செயலராக இருந்தபோது, நாடு போரை நோக்கிச் சாய்வதை ஏற்காமல் 1915இல் பதவியைத் துறந்தவர். வலியவன் எளியவனை அழிப்பது இயற்கை நீதி என்ற எண்ணத்தைப் பரிணாமக் கொள்கை வளர்க்கும், அதுவே போருக்கு வித்து என்று அவர் அஞ்சினார். அறிவியலை அவர் பிழையாகப் புரிந்துகொண்டார். ஆனால், எளியவன் அழிவானே என்ற அவரது அச்சம் மூடத்தனம் அன்று.

அவரைத் தூய்மையாளராக்கவும் நாம் வரவில்லை. 1924ஆம் ஆண்டுக் கட்சி மாநாட்டிலே, கறுப்பின மக்களைக் கொடுமைப்படுத்திய கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தைப் பெயர் சொல்லிக் கண்டிக்கவேண்டும் என்ற தீர்மானம் வந்தபோது, வேண்டாம் என்று வாதாடியவரும் இதே பிரையன்தான். மனிதர்கள் திரைப் பாத்திரங்களைப்போல் ஒரே வண்ணத்திலே இருப்பதில்லை.

மற்றோர் உண்மை இருக்கிறது. நமக்குக் கசக்கும் உண்மை. ஸ்கோப்ஸ் கையிலே இருந்ததாகச் சொல்லப்பட்ட அந்தப் பாடநூல், ஹண்டரின் நூல், டார்வினை மட்டும் சொல்லவில்லை. மனித குலத்தை ஐந்து இனங்களாகப் பிரித்து, வெள்ளையரை எல்லாரினும் உயர்ந்தவர் என்று வைத்தது. உடலும் உள்ளமும் குறையுற்றோர் பெருகும் குடும்பங்களை ஒட்டுண்ணிகள் என்று இழித்தது. அத்தகையோர் பிள்ளை பெறாமல் தடுக்கவேண்டும் என்றது. அறிவியல் என்ற ஆடை அணிந்து வந்த குலவெறி அது! திரையிலே இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1927இலே அமெரிக்க உச்ச நீதிமன்றம், வர்ஜீனியா மாநிலத்தின் கட்டாயக் கருத்தடைச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒன்பது நடுவரில் ஒருவர்தான் மாறுபட்டார். அந்நாட்டிலே, ஆண்டுகள் செல்லச் செல்ல, 60,000க்கும் மேற்பட்டோர் இத்தகைய சட்டங்களுக்கு இரையானார்கள்.

பிறப்பை வைத்து மனிதனை உயர்ந்தவன் தாழ்ந்தவன் என்று அளக்கும் கொடுமையைப் பிறர் சொல்லி நாம் அறியவேண்டியதில்லை. அது வேதத்தின் பெயரால் வந்தாலும் விலக்கவேண்டும். ஆய்வுக்கூடத்தின் பெயரால் வந்தாலும் விலக்கவேண்டும். இதை டாரோ உணர்ந்திருந்தார். வழக்கு முடிந்த மறு ஆண்டே, 1926இல், மக்களை வடிகட்டி இனத்தை உயர்த்தப்போவதாகச் சொன்ன அந்தக் கொள்கையைச் சாடி அவர் கட்டுரை எழுதினார். அறிவியலுக்காக வாதாடியவரே, அறிவியலின் பெயரால் நடந்த அநீதியையும் எதிர்த்தார். படம் காட்டும் டிரம்மண்டைவிட இந்த டாரோ பெரியவர் என்று நமக்குத் தோன்றுகிறது.

அப்படியானால், நாடகாசிரியர்கள் பொய் சொன்னார்களா? அவர்களுக்கு நீதி வழங்கவேண்டியதும் நம் கடமை. இது வரலாறு அன்று என்று நூலின் முன்னுரையிலேயே அவர்கள் எழுதிவிட்டார்கள். ஊரின் பெயரையும் மனிதரின் பெயர்களையும் மாற்றினார்கள். காலத்தைக்கூடக் குறிப்பிடவில்லை; எக்காலத்துக்கும் பொருந்தும் என்றார்கள். அவர்கள் இந்நாடகத்தை எழுதியது, அமெரிக்காவிலே ஐயப் பேய் பிடித்தாட்டிய காலம். எண்ணத்துக்காக மனிதரைக் கூண்டிலேற்றி, நீ யார், உன் நண்பர் யார் என்று விசாரணைக் குழுக்கள் மிரட்டிய காலம். ஆசிரியர், எழுத்தாளர், நடிகர் பலர் வேலை இழந்தார்கள். இன்றைய கொடுமையை நேரே சொல்ல முடியாதபோது, நேற்றைய வழக்கைத் திரையாகக் கட்டி அதன் மேல் இன்றைய நிழலை விழச்செய்வது கலைஞரின் வழி.

இப்படத்தின் திரைக்கதை ஏடே அதற்குச் சான்று. அதை எழுதிய இருவரில் ஒருவர் நெட்ரிக் யங். விசாரணைக் குழுவின் முன் பணிய மறுத்ததால் திரையுலகம் கதவடைத்த மனிதர். தம் பெயரிலே எழுதமுடியாமல், நேதன் ஈ. டக்ளஸ் என்ற புனைபெயரிலே எழுதினார். எண்ண உரிமையைப் பாடும் படத்துக்கு எழுதியவருக்கே தம் பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமை இல்லை! இதை அறிந்தபின், சிறையிலே கிடக்கும் கேட்ஸ் யார் என்பது நமக்கு விளங்குகிறது. 1925இன் ஸ்கோப்ஸ் சிறை செல்லவில்லை. 1950களின் எழுத்தாளர் சிலர் மெய்யாகவே சிறை சென்றனர். நாடகம் சொன்னது தன் காலத்து உண்மை.

எனவே, ஒரு நிகழ்ச்சி நாடகமாகி, நாடகம் படமாகும்போது மாற்றம் நேர்வதைக் குற்றம் என்று நாம் சொல்லவில்லை. கலைஞருக்கு மாற்றும் உரிமை உண்டு. பார்ப்பவருக்கு ஆராயும் கடமை உண்டு. அக்கடமையை நாம் மறந்தால், எதிரியின் புராணத்தை மறுத்துவிட்டு நமக்கென்று ஒரு புராணத்தைக் கட்டிக்கொண்டவர்கள் ஆவோம். நமக்குப் பிடிக்காத கதையைச் சோதிப்பது எளிது. நமக்கு இனிக்கும் கதையைச் சோதிப்பதே பகுத்தறிவுக்குத் தேர்வு. அமெரிக்க வரலாற்றாசிரியர் எட்வர்ட் லார்சன் அந்தத் தேர்விலே வென்றவர். கதையையும் நடப்பையும் பிரித்துக்காட்டி 1997இல் அவர் எழுதிய 'சம்மர் பார் தி காட்ஸ்' என்ற நூல், மறு ஆண்டு வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு பெற்றது.

இந்தச் சோதனையால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பெரும்பயன் உண்டு. திரை நமக்கு ஒரு வெற்றியைக் காட்டி வீட்டுக்கு அனுப்புகிறது. கூரிய கேள்விகள் சில கேட்டால் மடமை மன்றத்திலேயே மாண்டுவிழும் என்று நம்பவைக்கிறது. நடந்ததோ வேறு.

மேல்முறையீட்டை விசாரித்த டென்னசி உச்ச நீதிமன்றம், 1927 சனவரியில் ஸ்கோப்சின் தண்டனையை நீக்கிற்று. எக்காரணத்தால்? 50 டாலருக்கு மேற்பட்ட தண்டத்தைச் சான்றாயத்தாரே விதிக்கவேண்டும். இங்கே நடுவர் விதித்துவிட்டார் என்ற நடைமுறைப் பிழையால். சட்டமோ செல்லும் என்றது மன்றம். வழக்கை மேற்கொண்டு நடத்தவேண்டாம் என்றும் அரசுக்கு அறிவுரை கூறிற்று. தண்டனையே இல்லாதபோது அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குச் செல்வது எங்ஙனம்? கதவு மூடிற்று, சட்டம் நிலைத்தது. 1926இல் மிசிசிப்பியும், 1928இல் ஆர்கன்சாசும் அதே வகைச் சட்டத்தைச் செய்துகொண்டன. ஆர்கன்சாசிலே மக்கள் வாக்களித்தே நிறைவேற்றினார்கள்.

இதனினும் கொடியது ஓசையின்றி நடந்தது. பாடநூல் வெளியிடுவோர் வணிகர்கள். வம்பு எதற்கு என்று எண்ணினார்கள். ஹண்டரின் நூல் 1926இல் திருத்திப் பதிப்பிக்கப்பட்டபோது பரிணாமம் என்ற சொல்லே மறைந்தது. வேறு பல நூல்களிலும் அப்பாடம் சுருங்கிற்று, ஒளிந்தது, உதிர்ந்தது. யாரும் கைது செய்யப்படவில்லை. எந்த டாரோவும் தேவைப்படவில்லை. தலைமுறை ஒன்று, அறியவேண்டியதை அறியாமலேயே பள்ளியை விட்டு வெளியேறிற்று.

நிலை எப்போது மாறிற்று? 1957இல் சோவியத் நாட்டின் 'ஸ்புட்னிக்' வானிலே சுற்றியபோது! அறிவியல் கல்வியிலே பின்தங்கிவிட்டோம் என்று அமெரிக்கா பதறிற்று. பணம் ஒதுக்கிற்று, உயிரியல் அறிஞர்களைக் கொண்டு புதிய பாடநூல்கள் எழுதச் செய்தது. 1960களிலே பரிணாமப் பாடம் வகுப்புக்குத் திரும்பிற்று. பட்லரின் சட்டத்தை டென்னசி நீக்கியது 1967இல், வழக்கு நடந்து 42 ஆண்டுகளுக்குப் பின். மறு ஆண்டு, சூசன் எப்பர்சன் என்ற உயிரியல் ஆசிரியை தொடுத்த வழக்கிலே, ஆர்கன்சாசின் சட்டம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டேடனிலே டாரோ வேண்டிய தீர்ப்பு அதுதான். 1938இலேயே மறைந்துவிட்ட அவர் அதைக் காணவில்லை. 1970இல் மறைந்த ஸ்கோப்ஸ் கண்டார்.

தோழர்களே! கடலுக்கு அப்பால் நடந்த கதை என்று இதை ஒதுக்க முடியுமா? நம் நாட்டிலே, 2018 சனவரியில், கல்வித் துறையின் ஒன்றிய இணையமைச்சர் ஒருவரே, டார்வின் கொள்கை தவறு, பாடத்திலிருந்து அதை மாற்றவேண்டும் என்று பேசினார். அறிவியலாளர்கள் கண்டித்தார்கள், நாளேடுகள் எழுதின, பேச்சு அடங்கிற்று. நாமும் வென்றதாக எண்ணினோம். 2023இல் என்ன கண்டோம்? ஒன்றிய அரசின் பாடநூல் நிறுவனம் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலைச் சுருக்கியபோது, 'மரபுவழியும் பரிணாமமும்' என்றிருந்த இயல், 'மரபுவழி' என்று மட்டும் ஆயிற்று. மாணவரின் சுமையைக் குறைக்கிறோம் என்றார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலிலே அப்பாடம் இருக்கிறதே என்றார்கள். உயிரியலை விருப்பப் பாடமாக எடுக்காதவர்? பத்தோடு பள்ளியை நிறுத்திக்கொள்ளும் ஏழை வீட்டுப் பிள்ளை? 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் கையொப்பமிட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

இங்கே வழக்குமன்றம் இல்லை, விசிறி இல்லை, மார்தட்டும் பிரேடி இல்லை, தீப்பந்தம் இல்லை. ஒரு பக்கம் இருந்தது, இல்லாமற் போயிற்று; அவ்வளவே. தீப்பந்தத்தை எதிர்பார்த்துத் திரைப்படத்தால் பழகிய கண்ணுக்கு, இந்த அழிப்பான் தெரியாது. வரலாற்றைப் படித்த கண்ணுக்குத் தெரியும்: 1925இன் குறுக்கு விசாரணையைவிட 1926இன் திருத்தப் பதிப்பே ஆற்றல் மிக்கது என்று.

ஆகவே, படத்தைப் பாருங்கள், மீண்டும் பாருங்கள், நாடக நூலையும் படியுங்கள். டிரேசிக்கும் மார்ச்சுக்கும் மனமாரக் கைதட்டுங்கள். கைதட்டி முடித்ததும் வரலாற்று நூலைத் திறங்கள். அதன்பின், உங்கள் வீட்டிலே படிக்கும் தம்பி தங்கையின் பாடநூலை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். எது இருக்கிறது, எது காணாமற் போயிருக்கிறது என்று பாருங்கள். எளியவரை இழிக்கும் சொல் எதேனும் அறிவியல் என்ற பெயரிலே நுழைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பாடம் நடத்தும் ஆசிரியருக்குத் துணை நில்லுங்கள்.

அன்று இரவு கேள்வி கேட்ட இளைஞரை அடுத்த கூட்டத்திலே கண்டோம். "தம்பி, ஆம் என்றது தவறு. பாதிதான் அப்படி நடந்தது" என்று சொல்லி, கண்டவற்றை எல்லாம் எடுத்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டார். முடிவிலே, "இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? நானும் பார்க்கவேண்டும்" என்றார்.

நம் சொல்லையும் அவர் அப்படியே ஏற்கவில்லை. படம் முடிந்தபோது எழுந்த மகிழ்ச்சியைவிட அப்போது நமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. புத்தகத்தை அவரிடம் கொடுத்தோம்.